முகத்து உரோமமும் மகளிர் மருத்துவமும்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதியிற் கோப்பாயைக் கடந்ததும் வருவது நீர்வேலி. செம்மண் தோட்டங்களும், அவற்றின் நடுவே ஆழ்ந்த கிணறுகளும், வரிசையாய் நிற்கும் வாழைகளும் அவ்வூரின் அடையாளங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழையும் வடமொழியையும் ஒருங்கே கற்றுணர்ந்த சங்கர பண்டிதரும், அவர் மைந்தர் சிவப்பிரகாச பண்டிதரும் தோன்றிய ஊர் என்னும் பெருமையும் அதற்குண்டு.

இத்தகைய ஊர்களிற் பூப்பெய்திச் சில ஆண்டுகள் சென்ற ஒரு பெண்ணின் மோவாயிலோ மேலுதட்டிலோ கருத்துத் தடித்த உரோமம் தோன்றுமாயின், அதனை முதலிற் காண்பவள் தாய். கண்டதை அவள் எவரிடமும் உரைப்பதில்லை. பயற்றம் மாவையும் மஞ்சளையும் குழைத்து அழுந்தத் தேய்ப்பாள். தேய்த்தும் போகாவிடில் நூலையோ சிறு கத்தரியையோ நாடுவாள். சாதகம் கைமாறும் பருவம் வந்துவிட்டாற் கவலை இரட்டிக்கும். பெண் பார்க்க வருவோரின் கண் முதலிற் செல்லுமிடம் முகமன்றோ? மகளும் அதற்குள் வாயைக் கையால் மூடிப் பேசப் பழகிவிடுவாள். வீட்டில் ஒரு நோய் இருக்கின்றது என்ற எண்ணம் இருவருக்கும் எழுவதில்லை. ஒரு குறை இருக்கின்றது, அதை மறைக்கவேண்டும் என்பதே எண்ணம்.

இதனைப் பேசுவதற்குச் சொல்லும் தடையாய் நிற்கின்றது. மயிர் என்பது தொன்மையான நல்ல தமிழ்ச்சொல். அது நாளடைவில் வசைச்சொல்லாகிவிட்டமையால், வைத்தியரிடம் செல்லும் பெண்கூட, “முகத்திலே கொஞ்சம்…” என்று தொடங்கி அவ்வளவில் நிறுத்திவிடுவாள். மிச்சத்தை வைத்தியரே உணர்ந்துகொள்ள வேண்டும்.

பெண்களின் முகத்தில் மெல்லிய பூனைமயிர் இருப்பது இயல்பு. ஆண்களுக்கு முளைக்கும் இடங்களில், அதாவது மேலுதடு, மோவாய், மார்பு, அடிவயிறு, முதுகு ஆகிய இடங்களில், ஆண்களுக்கு முளைப்பதுபோலவே கருத்துத் தடித்து முளைப்பதுதான் இங்கே பேசப்படும் பொருள். அது தோலிற் பிறந்த நோயன்று. உள்ளே இருக்கும் சுரப்பிகள் வெளியே அனுப்பும் செய்தி. இந்த ஒரு செய்தியை வாசிக்க மனித குலத்துக்கு இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன. வாசிக்கத் தெரியாத காலத்திலும், வாசித்தறிந்த பின்னரும், அதற்கான விலையைச் செலுத்தியவர்கள் பெண்களே.

பழைய சான்றுகளில் ஒன்று கிரேக்க நாட்டிலிருந்து வருகின்றது. இப்போக்கிரட்டீசு என்னும் மருத்துவரின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியில், நோயாளர் பற்றிய குறிப்புகள் அடங்கிய பகுதி ஒன்றுண்டு. அதில் அப்தெரா என்னும் ஊரைச் சேர்ந்த பைத்தூசா என்ற பெண்ணின் வரலாறு சில வரிகளிற் கூறப்படுகின்றது. அவள் பிள்ளை பெற்றவள். கணவன் நாடு கடத்தப்பட்டபின் அவளுக்கு மாதவிடாய் நெடுங்காலம் நின்றுபோயிற்று. பின்னர் மூட்டுகளில் நோவு கண்டது. உடல் ஆணுடலின் தன்மை எய்தியது, எங்கும் உரோமம் படர்ந்தது, தாடி முளைத்தது, குரல் கரகரத்தது. மாதவிடாயை மீண்டும் வரச்செய்ய மருத்துவர் செய்த முயற்சியெல்லாம் வீணாயின. சிறிது காலத்தில் அவள் இறந்தாள். தாசோசுத் தீவிலிருந்த நன்னோ என்பவளுக்கும் இவ்வாறே நேர்ந்ததென்று குறிப்பு முடிகின்றது.

இக்குறிப்பை எழுதிய மருத்துவர் தாடியைச் சாபமென்றோ தீக்குறியென்றோ எழுதவில்லை. மாதவிடாய் நின்றதையும் உரோமம் முளைத்ததையும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்களாகக் கண்டார். ஏன் என்பது அவருக்குத் தெரியாது. ஆயினும் எதை எதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பது தெரிந்திருந்தது. இன்றைய மருத்துவர் இக்குறிப்பைப் படித்தால், ஆண்பாற் சுரப்பை மிகையாய் வெளியிடும் கட்டி ஒன்று சூலகத்திலோ, சிறுநீரகத்தின் மேலமர்ந்த அதிரீனற் சுரப்பியிலோ இருந்திருக்கலாம் என ஐயுறுவார். உரோமம் விரைந்து பரவுவதும், அதனோடு குரல் மாறுவதும் இன்றும் அபாய அறிகுறிகளாகவே கொள்ளப்படுகின்றன. பருவ வயதிற் தொடங்கி ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது வேறு. சில மாதங்களிற் பொங்கியெழுவது வேறு.

கிரேக்கத்தை விட்டு நம் பக்கம் திரும்பினால், நூல்கள் இருவகையாய்ப் பேசுகின்றன. மனுவின் பெயரால் வழங்கும் தருமநூல், மணம் செய்யத் தகாத பெண்களைக் கூறுமிடத்து, உரோமம் மிகுந்தவளையும் உரோமமே இல்லாதவளையும் ஒருசேர விலக்குகின்றது. மூன்றாம் அத்தியாயத்தில் வரும் இவ்விதியின் அருகிலேயே நோயுள்ள பெண்ணும் விலக்கப்படுகின்றாள். சாமுத்திரிக நூல்களும் உறுப்புகளின் இலக்கணங்கொண்டு பெண்ணின் பாக்கியத்தைக் கணித்தன. நீர்வேலி போன்ற ஊர்களின் கல்விமான்களுக்கு இந்நூல்கள் தெரிந்தவையே. படிக்காத வீடுகளுக்கோ நூல் வேண்டியதில்லை. விதியின் சாரம் மட்டும் வாய்வழியாக வந்து சேர்ந்துவிட்டது. ஒரு தரகரின் அரைச்சொல் போதும், ஒரு சம்பந்தம் குலைய.

மருத்துவ நூல்களின் போக்கு வேறு. சுசுருதரின் அறுவை நூல், புண்ணைச் சுற்றியுள்ள உரோமத்தை நீக்கினாலே புண் செவ்வையாய் ஆறும் என்று கூறி, அதற்குக் கத்தி, கத்தரி ஆகியவற்றோடு ஒரு பூச்சு மருந்தையும் சொல்கின்றது. சங்குச் சுண்ணம் இரண்டு பங்கு, அரிதாரம் ஒரு பங்கு. இவற்றைப் புளித்த காடியில் அரைத்துப் பூசுவது. அரிதாரம் என்பது மஞ்சள் நிறமான ஒரு தாது. கூத்தாடுவோர் முகத்துக்கு அதனைப் பூசியமையால், வேடம் புனைதலையே அரிதாரம் பூசுதல் என்று தமிழ் வழங்கலாயிற்று. ஒருவன் முகத்துக்கு வேடம் தந்த பொருளே, மற்றொருவர் உடலிலிருந்து உரோமத்தை நீக்கவும் உதவியது! பாரசீகத்திலும் துருக்கியிலும் நீராடும் மண்டபங்களில் வழங்கிய பூச்சும் இதே சரக்குகளால் ஆனதே: நீற்றிய சுண்ணாம்பும் அரிதாரமும்.

இப்பூச்சு வேலை செய்யும் விதம் எளியது. உரோமத்தை ஆக்கும் புரதத்தின் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிக் கட்டியிருக்கின்றன. சுண்ணாம்பின் காரமும் அரிதாரத்திலுள்ள கந்தகமும் சேர்ந்து அப்பிணைப்புகளை அறுத்துவிட, உரோமம் களியாய்க் குழைந்து வழித்தெடுக்க இயல்வதாகின்றது. தோல் பதனிடுவோர் மாட்டுத்தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பதன் தத்துவமும் இதுவே. சுண்ணக்கல்லின்மேல் அமைந்த யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. அரிதாரமோ பாடாணச் சரக்கு, தோலை அரித்துப் புண்ணாக்கவும் உடம்பில் ஊறி நஞ்சாகவும் வல்லது. இன்று கடைகளில் விற்கும் களிம்புகளில் அந்நஞ்சு இல்லை; அதனிடத்தை வேறொரு கந்தகச் சேர்மம் பிடித்துக்கொண்டது. ஆனால் பழையதாயினும் புதியதாயினும் இப்பூச்சுகள் தோலின் மேற்புறத்தோடு நின்றுவிடும். வேர் உள்ளே இருக்கும். ஒரு கிழமையில் மீண்டும் முளைக்கும்.

பயற்றம் மாவும் மஞ்சளும் அத்தகைய தீங்கு செய்வதில்லை. அழுந்தத் தேய்க்கும்போது பூனைமயிர் சிறிது உதிரும், தோல் மினுங்கும். ஓமோனின் தூண்டுதலால் தடித்துவிட்ட உரோமம் அதற்கு அசைவதில்லை. அதை அறியாத தாய்மார், மகள் ஒழுங்காகப் பூசவில்லை என்று அவளையே கடிந்துகொள்வர்.

மேலைநாடுகளிலும் உண்மை ஒரு நாளில் விளங்கிவிடவில்லை. 1721ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வல்லிசுனேரி, சற்றே பருத்த உடலும் மகப்பேறின்மையும் கொண்ட உழவர்குலப் பெண்களின் சூலகங்களைப்பற்றி எழுதினார். அவை பெருத்து, மேடுபள்ளமாய், வெண்மையாய் மினுங்கிப் புறாமுட்டை போலிருந்தன என்பது அவர் குறிப்பு. அதன் பொருள் அவருக்கும் விளங்கவில்லை. அப்பால் இரு நூற்றாண்டுகள் கழிந்து, 1921ஆம் ஆண்டிற் பாரிசு நகரத்து மருத்துவர்களான அசாரும் தியேரும், தாடி முளைத்த பெண்களுக்கு நீரிழிவு காண்பதை எடுத்துரைத்தனர். அதே ஆண்டிற்றான் கனடாவின் ரொறன்ரோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். இவ்விரு செய்திகளும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தவை. ஆனால் சந்திக்க அவற்றுக்கு இன்னும் அறுபது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

இதனிடையே யாழ்ப்பாணத்தில் நடந்ததையும் காணவேண்டும். அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டில் இங்கு வந்து, மானிப்பாயில் நிலைகொண்டு, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடலமைப்பு, அறுவை, பிள்ளைப்பேறு, இரசாயனம் ஆகியவற்றுக்குத் தமிழில் நூல்கள் வந்தன. இல்லாத கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன. தமிழ் தாங்குமா என்று இன்றும் ஐயுறுவோர் அந்நூல்களைப் புரட்டிப் பார்ப்பது நன்று. ஆயினும் கிறீனிடம் பயின்று வைத்தியரானோர் ஆடவர். பெண்ணொருத்தி தன் உடலின் மறைவான குறையை ஆடவ வைத்தியருக்குக் காட்டுவதென்பது அக்காலத்தில் நினைக்கவியலாத காரியம். பேற்றுநோவு முற்றி உயிர் ஊசலாடும்போதுகூட மருத்துவிச்சியை விட்டு ஆடவ வைத்தியரை அழைக்கத் தயங்கிய வீடுகள் பல. அவ்வாறிருக்க, முகத்து உரோமத்துக்கு வைத்தியரை யார் நாடுவர்?

இக்குறையை நோக்கி, மேரி லீச், மார்கிரெற் லீச் என்னும் சகோதரியர் இருவர் வெளிநாடுகளிற் பொருள் திரட்ட, 1898ஆம் ஆண்டில் இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை பெண்களுக்கும் குழந்தைகளுக்குமெனத் திறக்கப்பட்டது. பெண் வைத்தியரான இசபெல்லா கேர் அங்கே நெடுங்காலம் பணியாற்றினார். தாதியரும் மருத்துவிச்சியரும் அங்கே பயிற்சி பெற்றனர். நீர்வேலியிலிருந்து இணுவில் மாட்டு வண்டியிற் போய்வரக்கூடிய தொலைவே. மாதவிடாய் தவறுகின்றது, பிள்ளை தங்கவில்லை என்று ஒரு பெண் மற்றொரு பெண்ணிடம் வாய்திறந்து சொல்ல ஓர் இடம் உண்டாயிற்று. உரோமத்தைப்பற்றிய பேச்சும் இவ்வாறான வாயிலினூடாகத்தான் வைத்தியத்துக்குள் நுழையவேண்டியிருந்தது. தனித்து வந்தால் அது அழகுப் பேச்சு என்று தள்ளப்படும். மாதவிடாயோடு சேர்ந்து வந்தால் மருத்துவப் பேச்சாகும். பைத்தூசாவின் மருத்துவர் அறிந்திருந்ததும் இதுவேயன்றோ?

அக்காலத்தில் மேலைநாட்டுப் பெண்கள் நம் பெண்களைவிட நற்பேறு பெற்றிருந்தனர் என்று எண்ணுவது தவறு. அவர்களுக்கு நேர்ந்தது பெருங்கேடு.

1896ஆம் ஆண்டின் இறுதியில், எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டு ஓராண்டு ஆனவுடனே, வியன்னா நகரத்து லியோபோல்ட் பிரயண்ட் என்னும் வைத்தியர், முதுகில் உரோமம் அடர்ந்த மச்சத்தோடு பிறந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு அக்கதிரை நாள்தோறும் பாய்ச்சினார். உரோமம் உதிர்ந்தது, பின்னே தோல் புண்ணாயிற்று. புண்ணை மறந்து உரோமம் உதிர்ந்ததை மட்டும் உலகம் நினைவிற் கொண்டது. 1920ஆம் ஆண்டுகளில் நியூயோர்க்கைச் சேர்ந்த ஆல்பேட் கைசர் என்னும் வைத்தியர் ஒரு பொறியை அமைத்து, அதற்குத் திரிக்கோ முறை என்று பெயரிட்டார். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் அதற்கென நிலையங்கள் எழுந்தன. நோவில்லை, தழும்பில்லை, ஒருமுறை போனது திரும்பாது என்பது விளம்பரம். சில கிழமைப் பயிற்சி பெற்றோர் பொறியை இயக்கினர். பெண்கள் அதன்முன் முகத்தை நீட்டியிருந்தனர். சில ஆண்டுகளில் அம்முகங்கள் சுருங்கி, வெளிறி, புள்ளி விழுந்தன, பின்னர் ஆறாப்புண், அதன்பின் புற்றுநோய். மருத்துவச் சங்கம் கண்டித்த பிறகு, 1930ஆம் ஆண்டளவில் நிலையங்கள் மூடப்பட்டன. ஆனால் கதிரின் கேடு கடையடைப்பை மதிப்பதில்லை. 1947ஆம் ஆண்டிலும் அமெரிக்க மருத்துவ ஏடு இம்முறையின் ஆபத்தை எடுத்துக்கூறிப் பல பெண்களின் நிலையை வெளியிட வேண்டியிருந்தது.

மற்றொன்று தாலியம். இது எலிப் பாடாணத்திற் சேரும் உலோகம். உட்கொண்டாலும் தோலிற் பூசினாலும் தலைமயிர் கொட்டும். இப்பண்பைக் கண்ட வணிகர் சிலர், 1930ஆம் ஆண்டளவில் கோரெம்லூ என்ற பெயரில் முகக்களிம்பொன்றை அமெரிக்காவில் விற்றனர். உயர்தரக் கடைகளில் அது விலைபோனது. மேலுதட்டு உரோமத்துக்குப் பூசிய பெண்களுக்குத் தலைமயிர் கொட்டியது, கைகால் தளர்ந்தன, சிலருக்குக் கண்பார்வை மங்கியது. வழக்குகள் குவியவே 1932ஆம் ஆண்டிற் கம்பெனி முறிந்தது. அழகுப் பொருள்களைக் கட்டுப்படுத்த அப்போது அந்நாட்டிற் சட்டமில்லை. இக்களிம்பு உள்ளிட்ட கொடுமைகளைக் கண்காட்சியாக வைத்து வாதாடிய பிறகு, 1938ஆம் ஆண்டில்தான் சட்டம் வந்தது.

நஞ்சைப் பூசிக்கொண்டவர்களை அறிவிலிகள் என்று இகழ்வது எளிது. முகத்தை எரியும் கதிருக்கு நீட்டுமளவுக்கு ஒரு பெண்ணை உந்திய வெட்கம் எத்துணைக் கொடியதாயிருந்திருக்கும் என்று எண்ணுவோர் அவ்வாறு இகழமாட்டார்.

பழுதில்லாத வழி ஒன்றும் அக்காலத்தில் இருந்தது. ஆனால் அது மெதுவான வழி. செயின்ற் லூயிசு நகரத்துக் கண் வைத்தியரான சாள்சு மிசெல், இமைமயிர் உள்நோக்கி வளர்ந்து விழியை உறுத்தும் நோயாளருக்காக, நுண்ணிய ஊசியை மயிர்க்கால் வழியே செலுத்தி, மின்னோட்டத்தால் வேரை அழிக்கும் முறையை வகுத்து 1875ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒவ்வொரு மயிருக்கும் ஒரு குத்து. முகம் முழுவதற்கும் மாதங்கள், சிலவேளை ஆண்டுகள். இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது.

சுரப்பியின் கதைக்குத் திரும்புவோம். 1935ஆம் ஆண்டிற் சிக்காகோ நகரத்து இர்விங் ஸ்ரைன், மைக்கேல் லெவந்தால் ஆகிய இரு வைத்தியர்கள் ஏழு பெண்களின் வரலாற்றை வெளியிட்டனர். மாதவிடாய் வராமை, மகப்பேறின்மை, உரோம மிகுதி, உடற்பருமை ஆகியவை அப்பெண்களிடையே காணப்பட்டன. சூலகங்கள் பெருத்துச் சிறுசிறு நீர்க்கட்டிகளைக் கொண்டிருந்தன. வைத்தியர்கள் சூலகங்களில் ஒரு பகுதியை வெட்டியகற்றினர். எழுவருக்கும் மாதவிடாய் திரும்பியது, இருவர் கருவுற்றனர். வல்லிசுனேரியின் புறாமுட்டையும் பைத்தூசாவின் மருத்துவர் கண்ட தொடர்பும் இங்கே ஒன்றாயின. இன்று சூலக நீர்க்கட்டி நோய் என்று வழங்குவது இதுவே. நீர்க்கட்டி என்றவுடன் பலர் அஞ்சுவர். அவை வெட்டியெறியவேண்டிய கட்டிகளல்ல, வளர்ந்து முதிர்ந்து வெளிப்படாமல் இடையில் நின்றுவிட்ட முட்டைப் பைகள். பெயர் வைத்தவர்கள் இவ்விடத்திற் சற்றுப் பிழைத்துவிட்டனர் என்றே சொல்லவேண்டும்.

ஆண்பாற் சுரப்பு ஆணுக்கு மட்டும் உரியதன்று. எல்லாப் பெண்களின் சூலகமும் அதிரீனற் சுரப்பியும் அதனைச் சிறிதளவு சுரக்கின்றன. இந்நோயில் அவ்வளவு மிகும். அது மயிர்க்காலை அடைந்ததும் அங்குள்ள ஒரு நொதியத்தால் மேலும் வலிய பொருளாக மாறிப் பூனைமயிரைத் தடித்த உரோமமாக்கும். 1980ஆம் ஆண்டு வெளியான ஆய்வுகள் இதற்கடுத்த கணுவைக் காட்டின. இப்பெண்களின் இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருந்தது; இன்சுலின் மிகுதி சூலகத்தைத் தூண்டி ஆண்பாற் சுரப்பைப் பெருக்கியது. பாரிசு வைத்தியர் கண்ட தாடியும் நீரிழிவும் இவ்வாறு கைகோத்தன. சிலருக்கு மாதவிடாய் முறைப்படி வரும், இரத்தச் சோதனையிலும் குறையிராது, ஆயினும் உரோமம் மிகும். அவர்களுக்கு மயிர்க்காலின் கூருணர்வே காரணம்.

உரோம மிகுதியை அளக்கவும் ஒரு கோல் பிறந்தது. இலண்டனில் பெரிமன், கால்வே என்னும் இருவர் 1961ஆம் ஆண்டில் உடலைப் பதினொரு பகுதிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளியிட்டனர். பின்னர் அது ஒன்பது பகுதிகளாய்ச் சுருங்கியது. பல நாடுகளில் 8 புள்ளி எல்லையாகக் கொள்ளப்பட்டது. அளவுகோல் பயனுடையதே. ஆனால் மோவாயில் மட்டும் இருபது மயிர் கொண்ட பெண்ணுக்கு அது தரும் புள்ளி சொற்பம். அவள் படும் துயரமோ சொற்பமன்று.

இலங்கையிலும் இப்பொருள் ஆராயப்பட்டது. கொழும்பைச் சேர்ந்த பேராசிரியை சந்திரிகா விஜேரத்ன இங்கிலாந்து மருத்துவரோடு சேர்ந்து 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, அங்கு வாழும் தென்னாசிய மரபுப் பெண்களையும் ஐரோப்பிய மரபுப் பெண்களையும் ஒப்பிட்டது. தென்னாசியப் பெண்களுக்கு இந்நோய் இளவயதிலே வெளிப்படுகின்றது. உரோம மிகுதியும் இன்சுலின் மிகுதியும் அவர்களிடம் கூடுதல் என்பது கண்ட முடிவு. பின்னர் கம்பகா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையுள்ள ஏறத்தாழ மூவாயிரம் பெண்களை வீடுவீடாய் ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை, நூற்றுக்கு 6.3 பேருக்கு இந்நோய் உண்டென்றது. நூறு மாணவியர் கொண்ட ஒரு மேல்வகுப்பில் ஆறு பேர் என்று எண்ணிக்கொள்ளலாம். தன்னைப்போல் ஊரில் ஒருத்தியும் இல்லை என்று அழும் பெண்ணுக்கு அவ்வெண் ஒரு துணை.

மருந்துகளின் கதை விந்தையானது. இரத்த அழுத்தத்துக்கு வழங்கிய ஸ்பைரனோலக்டோன் என்னும் மாத்திரையை உட்கொண்ட ஒரு பெண்ணுக்கு உரோமம் குறைந்ததை இரு வைத்தியர் கவனித்து 1978ஆம் ஆண்டில் எழுதினர். அன்றுமுதல் அது இந்நோய்க்கும் மருந்தாயிற்று. இன்னொரு மருந்து எப்லோர்னிதைன். ஆபிரிக்காவின் உறக்க நோயால் மயங்கிக் கிடந்தோரை எழுப்பிய மருந்து அது. 1990ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அதனை அந்நோய்க்கு ஏற்றது. வாங்குவோர் ஏழைகள், இலாபமில்லை என்று உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதே பொருள் மயிர்வளர்ச்சியைத் தாமதிக்கும் என்பது தெரிந்து, 2000ஆம் ஆண்டில் முகக்களிம்பாய்ச் சந்தைக்கு வந்தது. உயிர் காக்கக் கிடைக்காத மருந்து உதட்டு மயிருக்குக் கிடைப்பதா என்று உலகெங்கும் கண்டனம் எழுந்த பின்னரே, 2001ஆம் ஆண்டில் உறக்க நோயாளருக்கான உற்பத்தி மீளத் தொடங்கியது. களிம்பைக் குறைகூற வேண்டியதில்லை. செல்வநாட்டுப் பெண்ணின் மேலுதடு ஆபிரிக்க உழவனின் உயிரைக் காப்பாற்றிய விந்தையை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் இம்மருத்துவத்துக்கு நேரும் இடையூறு மருந்துச்சாலையில் இல்லை, வீட்டிலே இருக்கின்றது. சூலகத்தை அடக்கி ஆண்பாற் சுரப்பைக் குறைப்பதற்கு வைத்தியர் முதலில் எழுதும் மாத்திரை பெரும்பாலும் கருத்தடை மாத்திரையே. மணமாகாத பெண்ணின் பெட்டியில் அது காணப்பட்டால் என்ன நேரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. மருந்தென்று எழுதிக் கொடுத்ததைத் தாயே குப்பையில் எறிந்துவிடுவதுண்டு. ஸ்பைரனோலக்டோன் போன்றவை கருவிலிருக்கும் ஆண்குழந்தைக்கு ஊறு செய்யுமாதலால், கருவுறக்கூடிய பெண் அவற்றைக் கருத்தடையின்றி உண்ணலாகாது என்பதும் இங்கே சேர்ந்துகொள்கின்றது. ஆகவே வைத்தியர் மகளோடு மட்டும் பேசி முடிப்பதிற் பயனில்லை. தாயையும் இருத்திப் பேசவேண்டும்.

இனி லேசர். 1996ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் சிலர், மாணிக்க லேசர் ஒளியால் மயிர்வேரைச் சுட்டழிக்கலாம் என்று காட்டினர். உரோமத்தின் கருமை ஒளியை விழுங்கிச் சூடேறுவதே அதன் தத்துவம். வெண்ணிறத் தோலும் கருமயிரும் உள்ளவர்க்கு அது வசதி. கருநிறத் தோலோ தானும் ஒளியை விழுங்கும்; முறையறியாதார் கையில் அகப்பட்டால் வெந்து வடுப்படும். நீண்ட அலைநீளமுள்ள ஒளியைக் கருநிறத் தோலுக்குத் தேர்வது பின்னர் வழக்காயிற்று. லேசரினால் உரோமம் குறையாது கூடிய சிலரும் உண்டு. அவர்களிற் கருநிறத்தாரும் ஓமோன் குறைபாடுடையோரும் மிகுதி. முகத்துக்கு ஒளி பாய்ச்சுமுன் இரத்தத்தைச் சோதிக்கவேண்டும் என்று வைத்தியர் கூறுவது இதனாலேயே. பட்டினங்களில் விளம்பரப் பலகை மாட்டியிருக்கும் நிலையங்கள் யாவும் அதனைக் கேட்பதில்லை.

மறைப்பதே ஒரே வழி என்பதையும் சிலர் ஏற்கவில்லை. இங்கிலாந்திற் பிறந்த சீக்கியப் பெண்ணான ஹர்னாம் கௌர், சூலக நீர்க்கட்டி நோயால் முளைத்த தாடியை மழிக்காது வளர்த்து, முழுத்தாடியுள்ள இளம் பெண் என்று 2016ஆம் ஆண்டிற் கின்னசு நூலில் இடம்பெற்றார். உரோமத்தை வெட்டலாகாது என்னும் அவர் சமய நெறியும் அவருக்குத் துணையாயிற்று. எல்லாப் பெண்களாலும் அது இயலாது. எல்லாரும் அவ்வாறு செய்யவேண்டியதுமில்லை. ஆனால் அவர் படத்தைக் கண்ட பிறகு, தன் மோவாயிலுள்ள சில மயிர்களை வேறு கண்ணோடு பார்த்த பெண்கள் இருக்கக்கூடும்.

மழித்தால் முள்ளாய்த் தடித்து வளரும் என்று நம் ஊர்களில் ஓர் அச்சம் உண்டு. இது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று, அமெரிக்காவிலும் இருந்தது. மில்ட்ரட் ட்ரொட்டர் என்னும் உடற்கூற்று அறிஞர் நால்வரை நாள்தோறும் ஒரே முறையில் மழிக்கச்செய்து, வெட்டிய உரோமத்தை உருப்பெருக்கியில் அளந்து, தடிப்பிலும் வேகத்திலும் மாற்றமில்லை என்று 1928ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார். வெட்டுண்ட நுனி மொட்டையாயிருப்பதால் விரலுக்கு முரடாய்த் தோன்றுவதே உண்மை. ஆகவே கத்தியையோ கத்தரியையோ எடுப்பதற்கு ஒரு பெண் அஞ்சவேண்டியதில்லை.

இன்று நீர்வேலியிலிருந்து பேருந்தில் ஏறினால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை நெடுந்தொலைவில்லை. அங்கே வைத்தியர் கேட்கும் கேள்விகள் சில. எப்போது தொடங்கியது? மெல்ல வளர்ந்ததா, விரைந்து வளர்ந்ததா? மாதவிடாய் ஒழுங்காய் வருகின்றதா? குரல் மாறியதா? வீட்டில் எவருக்கேனும் நீரிழிவு உண்டா? கடைசிக் கேள்வியைத் தவிர மற்றவை அப்தெராவில் கேட்கப்பட்டிருக்கக்கூடியவை. பருத்த உடலாயின் எடையைச் சிறிது குறைத்தாலே இன்சுலினும் அதனோடு ஆண்பாற் சுரப்பும் தணியும் என்பார். மருந்து எழுதினால், ஆறு மாதம் செல்லுமுன் பலன் தெரியாது என்றும் சொல்வார். முளைத்துவிட்ட உரோமம் தன் காலம் முடிந்து உதிர்ந்து, அவ்விடத்தில் மெல்லியது முளைக்கவேண்டும். அதுவரை சவரக்கத்தியோ நூலோ வேலை செய்யட்டும். ஆறு மாதம் என்றதும் தாய் கேட்பது ஒன்றே: “தை மாதம் பெண் பார்க்க வருகினமே, அதற்குள் ஆகாதோ?”